செய்வதற்கு ஒன்றுமில்லாத கடற்கரை

"அங்க என்ன இருக்கு செய்யிறதுக்கு? மணலும் மீன் நாத்தமும்தான்."

மூன்று வருடங்களில் இந்த வசனத்தை என் கணவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது ஒரு பெருமூச்சும் விடுவார். போனில் பெருமூச்சு நன்றாகவே கேட்கும். நான் ஒக்லாந்தில் ஹில்ஸ்பரோ வீட்டுக் குசினியில் நின்றபடி உருகிப்போவேன்.

அவருக்குக் குளிரூட்டி வேலை. பெரிய குளிர் அறைகளையும் ஐஸ் மெஷின்களையும் பூட்டுவார், பழுது பார்ப்பார். ஈஸ்ட் டாமாக்கியில் அவர் இருந்த கம்பனி ஆட்களைக் குறைத்தபோது இவரும் அதில் அகப்பட்டார். வேலை போனபின் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், நன்றாக இருந்த என் அலுமாரிக் கதவுகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் மேற்கு ஆபிரிக்காவில், கானாக் கரையோரத்தில், மீனை உறையவைக்கும் ஒரு பக்டரி ஆள் தேடியது. பக்டரி இருந்தது ஒரு மீனவக் கிராமத்தின் ஓரத்தில். மூன்று வருட ஒப்பந்தம். வீட்டு மோர்ட்கேஜ் எங்கள் தலைக்கு மேல் நின்ற காலம் அது. போனார்.

போன முதல் கிழமையே எனக்கு ஒன்றை விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாராம், செவ்வாய்க்கிழமை மட்டும் ஏலாதாம்.

"செவ்வாய்க்கிழமைதான் வள்ளங்கள் கூட வாறது. தலை நிமித்த நேரமிராது. நீரும் எடுக்காதையும், போன் லொக்கரில கிடக்கும்."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? வள்ளங்கள் எந்த நாளில் கூட வரும் என்று எனக்கு என்ன தெரியும். நான் வாழ்க்கையில் கண்ட வள்ளங்கள் எல்லாம் தூரத்தில் போனவை.

அவருக்குக் கஷ்டமான நாள் செவ்வாய் என்றால் நான் மட்டும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இருக்கலாமா? செவ்வாய் விரதம் பிடிக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மச்சச் சட்டி அடுப்பில் ஏறாது. அது நான் பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். ஆனால் பட்டினி கிடப்பது இதுதான் முதல் தடவை. முருகனிடம் நேரே சொன்னேன், அந்த ஆளின் முதுகைக் காப்பாற்று, நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று.

இதில் ஒரு சிக்கல் வந்தது. கானாவின் மணி எங்களுக்கு அரை நாள் பின்னால் ஓடுகிறது. நான் இங்கே விரதத்தை முடித்துப் பின்னேரம் சோற்றில் கை வைக்கும்போதுதான் அங்கே செவ்வாய் விடியும். அதாவது மனிதர் கஷ்டப்படத் தொடங்குகிற நேரம் பார்த்து நான் சாப்பிட உட்காருகிறேன். கோயிலில் ஐயரிடம் கேட்டேன், விரதம் இந்த நாட்டுச் செவ்வாய்க்கா, அந்த நாட்டுச் செவ்வாய்க்கா என்று. அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "அம்மா, உடம்பு எங்க இருக்குதோ அந்த நாட்டுச் செவ்வாய்தான் கணக்கு" என்றார்.

எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு செவ்வாயையும் பிடித்தேன். இங்கே செவ்வாய் விடிந்ததில் இருந்து, அங்கே செவ்வாய் பொழுதுபடும் வரை, அதாவது இங்கே புதன் காலை வரை, தேத்தண்ணி தவிர வேறொன்றும் என் பல்லில் படவில்லை. உலகத்திலேயே நீளமான செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில்தான் இருந்தது. லொக்கரில் கிடக்கிற போனிலிருந்து அழைப்பு வராது என்று தெரிந்தும், படுக்கும்போது என் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மனிசனுக்கு ஏதும் நடந்தால் யாராவது எடுப்பார்கள் அல்லவா.

புதன் பின்னேரம், அங்கே புதன் விடிந்ததும், அவர் எடுப்பார். "விரதம் முடிச்சிட்டீரோ?" என்று கேட்பார்.

"ஓம், காலமையே புட்டுச் சாப்பிட்டனான். உங்களுக்கு எப்பிடி?"

"முதுகு முறிஞ்சு போச்சு."

இப்படித்தான் மூன்று வருடம் போனது.

போன வருடக் குளிர்காலத்தில் திரும்பி வந்தார். கறுத்து, தோள் அகன்று, வயிறு வற்றி, போனதை விட இளமையாக வந்தார். நான் பார்த்தது அதையல்ல, அவருடைய உள்ளங்கைகளைத்தான். இரண்டும் காய்த்துப் போயிருந்தன. நடுவில் குறுக்காகக் கறுத்த தடம். "குளிர் அறைக் கதவு, பாரமான கதவு, இழுத்து இழுத்து" என்றார். ஒவ்வொரு பின்னேரமும் நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்தத் தடத்தில் தேய்த்துவிட்டேன். சில நாட்களில் அழுதும் இருக்கிறேன். அவர் கையை என் மடியில் நீட்டி வைத்துவிட்டு ரிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் அந்தக் கம்பனி மறுபடியும் கேட்டது. இன்னும் இரண்டு வருடம். சாப்பாட்டு மேசையில் அவர் இதைச் சொன்ன விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்தார். கிளாஸை மெல்ல வைத்தார். "என்ன செய்யிறது, உங்களுக்காக இன்னும் இரண்டு வரியம் கஷ்டப்படுறன்" என்றார். இங்கே ஒரு நல்ல வேலை அவருக்கு அப்போது கையில் இருந்தது. ஆனாலும் சம்பள வித்தியாசம், மோர்ட்கேஜ், எல்லாம் சொன்னார். எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. இந்த வயதில் திரும்பவும் அந்தச் சிறைக்கு அனுப்புகிறோமே என்று.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, ஜஸ்ட் கோ வித் ஹிம். ஃபோர் எ மன்த்" என்றாள். அவள் பொட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் லேசு.

எனக்கு அது பிடித்தது. "ஓமப்பா, நானும் ஒரு மாசம் வந்து நிக்கட்டே? சமைச்சாவது தருவன்" என்றேன்.

அவர் அவசரமாகச் சொன்னார். "உமக்கு விசரே? அங்க என்ன இருக்கு செய்யிறதுக்கு? மணலும் மீன் நாத்தமும்தான்."

சரி என்றேன். கம்பனிக்கு அடுத்த கிழமை முடிய அவர் பதில் சொல்ல வேண்டும். என் சம்மதத்துக்காகத்தான் காத்திருந்தார், அப்படித்தான் சொன்னார். நானும் அடுத்த செவ்வாயே விரதத்தைத் திரும்பவும் தொடங்கினேன். இந்த முறை இரண்டு வருடம்தானே, உடம்பு தாங்கும் என்று நினைத்தேன்.

நான் வேலை செய்வதும் ஈஸ்ட் டாமாக்கியில்தான். சூப்பும் சோஸும் பொதி செய்யும் இடம். தரம் பார்க்கும் பகுதிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள், என்னைவிட இளையவள், சிரித்தால் சாப்பாட்டு அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும். கானாக்காரி என்று அந்தச் செவ்வாய் மதியம்தான் தெரிந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டேன். கடற்கரைக் கிராமம் என்றாள். கணவரின் பக்டரி இருக்கும் ஊரைச் சொன்னேன். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான் தன் ஊர் என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அந்த ஊர்ப் பக்கத்து ஆளை முதல் தடவையாகப் பார்க்கிறேன். பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, "அங்கே வருகிறவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாமே" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யார் சொன்னது?" என்று கேட்டாள்.

பிறகு அவள் பேசினாள். விடியற்காலையில் கரைக்குப் போக வேண்டும். வலையைக் கடலில் வளைத்துவிட்டு இரண்டு பக்கமும் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஊரே பிடித்து இழுக்கும். யாரும் பிடிக்கலாம், வழியால் போகிறவனும் பிடிக்கலாம், வெளிநாட்டானும் பிடிக்கலாம். ஒருவன் பாட்டு எடுத்துக் கொடுப்பான், எல்லாரும் சேர்ந்து பாடி, பாட்டுக்கு ஒரு அடி பின்னால் வைப்பார்கள். வலை கரைக்கு வந்ததும் கை கொடுத்தவர்களுக்கெல்லாம் மீனில் ஒரு பங்கு. அதைப் பெண்கள் அங்கேயே பொரித்துத் தருவார்கள், புளித்த சோள மா உருண்டையும் அரைத்த மிளகாயும் வைத்து. சாப்பிட்டுவிட்டு வள்ளத்து நிழலில் படுக்கலாம். ஒவ்வொரு வள்ளத்திலும் வர்ணத்தில் ஏதாவது எழுதியிருக்கும், ஒன்று பக்தியாக இருக்கும், அடுத்தது பக்கத்து வீட்டுக்காரனைக் குத்திக் காட்டுவதாக இருக்கும், வாசித்துக்கொண்டே ஒரு மைல் நடக்கலாம்.

"ஒரு மாதம் உனக்குப் போதாது" என்றாள். "முதல் கிழமை கயிறு கையைக் கிழித்துவிடும். பிறகு காய்த்துவிடும். இங்கே பார்."

தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நடுவில் குறுக்காக மெல்லிய தடம் ஒன்று இருந்தது. அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். அதற்கு நான் எண்ணெய் பூசியிருக்கிறேன்.

அவள் என் முன்னால் வெறுமையாக இருந்த மேசையைப் பார்த்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு விரதம், மீன் இறைச்சி வீட்டுக்குள்ளேயே வராது என்றேன்.

அவள் மேசையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். "எங்கள் ஊரிலும் செவ்வாய்க்கிழமை மீன் இல்லை!"

நான் விளங்காமல் பார்த்தேன்.

"செவ்வாய் கடலுடைய நாள். கடல் ஓய்வெடுக்கும். ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது. இறங்கினால் ஊர்த் தலைவர்கள் தண்டம் போடுவார்கள். எங்கள் கரை நெடுகவும் அப்படித்தான்."

"பக்டரி?" என்று கேட்டேன்.

"மீன் வராமல் பக்டரிக்கு என்ன வேலை? என் அண்ணன் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறான். செவ்வாய் அவர்களுக்கு லீவு. எல்லாரும் கரையில்தான் கிடப்பார்கள்."

உலகத்தின் இரண்டு மூலைகளில் இருக்கிற இரண்டு ஊர்களுக்கு ஒரே செவ்வாய்க்கிழமை என்று அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அவளுக்காக நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்து போயிற்று.

மதியத்துக்குப் பிறகு பொதிகளில் லேபிள் ஒட்டியபடியே ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். கிழமையில் ஆறு நாள் வேலைக்கு நடுவில் எனக்குப் போன் எடுத்த மனிதர், கையில் நேரம் இருந்த ஒரே நாளில் எடுக்கவில்லை. நேரம் இருந்ததால் எடுக்கவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் எனக்கு அழத் தெரியும், திட்டத் தெரியும், ஊரைக் கூட்டத் தெரியும். ஒரு கடற்கரையைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டுக்குப் போகும் வழியில் மீன் கடையில் காரை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமையில் நான் மீன் கடை வாசல் மிதித்தது அன்றைக்குத்தான். பெரிய மீன் ஒன்றை வாங்கி, துண்டு போட்டு, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி எண்ணெயில் போட்டேன். முருகனுக்குப் பயப்படக் கூட இல்லை, அவ்வளவு கோபம். முருகனுக்கு இதெல்லாம் அந்த மூன்று வருடமும் தெரியும்தானே, அவரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவர் கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்னப்பா, மீன் மணக்குது? இண்டைக்குச் செவ்வாய் அல்லோ?"

"ஓம். செவ்வாய்தான். கடல் ஓய்வெடுக்கிற நாள்."

சப்பாத்தைக் கழற்றக் குனிந்த மனிதர் குனிந்தபடியே நின்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"செவ்வாய்க்கிழமையில என்ன செய்தனீங்கள்?"

"யார் உமக்குச் சொன்னது?"

"அது கிடக்கட்டும். என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யிறேல்லையப்பா" என்றார். அது பொய் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார். "விடிய எழும்பினா கரையில ஒரு வள்ளமும் அசையாது. வரிசையா இழுத்து விட்டிருப்பாங்கள். அவங்கள் இருந்து வலை பொத்துவாங்கள். எனக்கும் ஊசி பிடிக்கப் பழக்கினவங்கள். முதல் எல்லாத்தையும் சிக்கெடுத்துப் போட்டிடுவன், சிரிச்சுச் செத்துப் போவாங்கள். பிறகு நல்லாப் பொத்துவன். வெயில் ஏறப் பலகை வைச்சு டாம் விளையாடுவம். காயை இப்பிடி ஓங்கி அடிச்சு வைக்க வேணும், சத்தம் வராட்டி தோத்த மாதிரி. பின்னேரம் மணலில பந்தடி. என்னைக் கோலில விடுவாங்கள்."

மேசையில் கையால் ஓங்கி அடித்துக் காட்டினார். அவர் முகம் மலர்ந்து போயிருந்தது. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இந்த மனிதர் ஒரு மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. மற்ற நாட்களிலும் வேலைக்கு முன்னம் வலை இழுக்கப் போவதையும் அவராகவே சொன்னார், கயிற்றில் தனக்கென்று ஒரு இடம் இருந்ததையும் சொன்னார். பொய்யைப் பிடிக்கத்தான் கேட்டேன், கடைசியில் அவர் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் கூட எரிச்சல்.

"எனக்கு ஏன் எடுக்கேல்ல?"

மலர்ச்சி போய்விட்டது. "உம்மோட கதைச்சா வீடு ஞாபகம் வந்திடும். மோர்ட்கேஜ், கூரை ஒழுக்கு, பிள்ளையின்ர படிப்பு. கிழமையில ஒரு நாள் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லாத ஆளா இருக்க ஆசையா இருந்தது."

"நான் இஞ்ச சாப்பிடாமல் கிடக்கிறது தெரியும்தானே?"

"ஓம்."

"சாப்பிடும் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏன் எண்டு கேப்பீர்" என்றார்.

அவர் சந்தோஷமாக இருந்ததை நான் ஒருவேளை மன்னித்திருப்பேன். என் பசியை அவர் தன் திரையாக வைத்திருந்ததை எப்படி மன்னிப்பது? விரதம் முடிச்சிட்டீரோ என்று புதன்கிழமைகளில் கேட்ட அந்தக் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது.

"அப்ப இந்தமுறை நீரும் வாருமன்" என்றார். "கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டுறன்."

பிடிபட்ட பிறகு கொடுக்கிற பங்கு. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. போகாதீர்கள் என்று சொன்னால் நின்றிருப்பார். நின்று, என் முன்னால் உட்கார்ந்துகொண்டே ஒவ்வொரு செவ்வாயும் அங்கே இருந்திருப்பார். அதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"நான் வரேல்ல. நீங்கள் போங்கோ" என்றேன். "ஆனா மற்ற நாளில எடுக்கத் தேவையில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் எடுங்கோ. கரையில நிண்டு எடுங்கோ."

தலையாட்டினார். சத்தியமா எடுப்பன் என்றார். பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து செவ்வாய்க்கிழமையில் மீன் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

போய் இறங்கி முதலாவது செவ்வாய். நான் மீன் பொரித்து, சோறு போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே பின்னேரம், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். வராது என்றுதான் நினைத்தேன். வந்தது, வீடியோவாகவே வந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஒரு நிமிடம் கண் கலங்கிவிட்டது.

அவர் ஒரு வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்றார். "எப்பிடி இருக்கிறீர்? சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அலை இரைவது கேட்டது. சின்னப் பிள்ளைகள் கத்துவதும், யாரோ சுத்தியலால் மரத்தில் அடிப்பதும் கேட்டது. அப்போது ஒரு ஆண் குரல் சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் அதுவரை கேட்டிராத பெயர். இவர் உடனே திரும்பிப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டினார்.

"போனை அங்கால திருப்புங்கோ" என்றேன். "கடலை ஒருக்காப் பாப்பம்."

அவர் போனைத் திருப்பவில்லை. முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இஞ்ச என்ன இருக்குப் பாக்கிறதுக்கு? மணலும் மீன் நாத்தமும்தான்."

"செவ்வாய்க்கிழமையில ஏது மீன் நாத்தம்?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லுமுன் நான் போனை வைத்தேன்.